தைப்பூசம் கழிந்து இரண்டு வாரம்

என் மனைவி படக்கருவி வாங்கியது கொரிய நாட்டுக்குப் போவதற்காக. கையுறைத் தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் எழுவர், அக்டோபர் இறுதியில் அங்கே மரங்கள் சிவந்து இலையுதிர்க்கும் காட்சியைக் காணப் புறப்படுவதாக ஏற்பாடு. எட்டாவது ஆள் அவள். எங்கள் ஊர் ஈப்போவில் ஒரு கடையில், முன்பு ஒருவர் பயன்படுத்திய கருவியை அவளே தேர்ந்தெடுத்தாள். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கீறல் ஒன்றும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே விலை கேட்டாள். இருபத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் கையுறைகளில் காற்றை நிரப்பி, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த கண்கள் அவை. கடைக்காரர்தான் சற்று நெளிந்தார்.

புறப்பாட்டுக்கு ஒரு மாதம் இருக்கையில் குருதிச் சோதனையின் முடிவு வந்தது. சர்க்கரை நோய் அவளுடைய சிறுநீரகங்களை எங்களுக்குத் தெரியாமலே அரித்துக்கொண்டிருந்தது. இனித் தொலைதூரப் பயணம் வேண்டாம் என்றார் மருத்துவர். இன்னும் சில மாதங்களில் குருதியைத் தூய்மை செய்யும் இயந்திரத்தின் துணை தேவைப்படும். அதற்கு முன்பே இடது முன்கையில் ஒரு சிறிய அறுவை செய்து இரண்டு குருதிக்குழாய்களை இணைத்துவிட வேண்டும். இணைத்த குழாய் தடித்து, ஊசியைத் தாங்கும் நிலைக்கு வர இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும் என்று படம் வரைந்து விளக்கினார். காலந்தாழ்த்தினால் நெருக்கடி வேளையில் கழுத்தில் குழாய் செருக நேரும் என்பதையும், அந்தக் குழாய் எளிதில் நோய்த்தொற்றுக்கு இடந்தரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊசி என்பது அந்தக் கேள்வி. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று விடை வந்தது.

மகிழுந்து நிறுத்துமிடத்துக்கு நடந்து வருகையில், "பால்மரம் மாதிரிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு," என்றாள். சிரிக்கவில்லை.

நாங்கள் இருவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். அவள் பிறந்தது செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ரப்பர் மரம்தான் எங்களுக்குப் பால்மரம். பெற்றோர் இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். பள்ளி விடுமுறைகளில் மரத்தில் கட்டியிருக்கும், பால் வடிந்து சேரும் மங்குகளைத் துடைத்து வைப்பது அவள் வேலை. ஆகையால் மரத்தின் பட்டையைச் சீவுவது எப்படி என்பதும், தவறாகச் சீவினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குப் பாடமாகச் சொல்லித் தெரிந்தவை அல்ல. கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே கட்டை வரைக்கும் போய்விட்டால் அந்த இடம் ஆறும்போது முண்டும் முடிச்சுமாக வீங்கும். பிறகு அதன்மேல் கத்தி நேராக ஓடாது.

"சந்தையில கீரை விக்கிற அக்கா கையப் பாத்திருக்கீங்களா?" என்று அன்றிரவு உணவின்போது கேட்டாள். "அந்த அக்காவுக்கும் இதேதான். முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் முண்டு முண்டா இருக்கு. அந்தக் கை எனக்கு வேணாம்."

"எல்லாருக்கும் அப்படி ஆகுமா?"

"வெட்டுற ஆளப் பொறுத்து. யாரு வெட்டுவான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அதன்பின் இசைவுப் படிவம் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கையெழுத்தின்றிக் கிடந்தது.

அக்டோபர் கடைசியில் எழுவரும் கொரியாவிலிருந்து தங்கள் கைப்பேசிப் புலனக் குழுவில் படங்களை அனுப்பத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது வரும். சிவப்பு மரத்தின் கீழ் எழுவர், மஞ்சள் மரத்தின் கீழ் எழுவர், இலைகளை வாரி வீசும் எழுவர். அவள் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஆட்களை விட்டுவிட்டு இலைகளை மட்டும் பெரிதாக்குவாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"இது நம்ம பால்மரம் கொட்டுற மாதிரியே இல்ல?"

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஆண்டுக்கொரு முறை, வறண்ட நாள்களில், ரப்பர் மரங்கள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, சிவந்து, பத்துப் பதினைந்து நாள்களுக்குள் ஓர் இலைகூட இல்லாமல் உதிர்த்துவிட்டு நிற்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களை நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். மழையையும் மழையின்மையையும் தவிர வேறெதுவும் அறியாத பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே ஒரு தோட்டமே சிவந்து நின்ற நாள்களில்கூட, அங்கே பாருங்கள் என்று கைநீட்ட எனக்குத் தோன்றியதில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"எனக்கும் தோணல," என்றாள் அவள். "எலை கொட்டுனா பால் கொறையும், வேலை கொறையும். எப்ப துளிர்க்கும்னுதான் வீட்டுல எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க. அழகா இருக்குன்னு யாரு சொன்னா?" கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இந்த வருசம் நான் அதப் படம் எடுக்கணும். எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்," என்றாள்.

நான் பிடித்துக்கொண்டேன். மருத்துவரிடம் சொன்னபோது அவர் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து, அறுவைக்கு மார்ச் முதல் வாரத்து வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வாரம்கூடக் காத்திருப்பது நல்லதல்ல என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

எப்போது போவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. தைப்பூசம் கழிந்து இரண்டு வாரம். அவள் தோட்டத்திலும் என் தோட்டத்திலும் கணக்கு அதுதான். காவடி பார்த்துத் திரும்பி வந்தால் மரம் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். இரண்டு வாரத்தில் முழுதும் சிவந்துவிடும். யாரும் எழுதி வைத்த கணக்கல்ல அது. அம்மாவும் அப்பாவும் சொன்னார்கள், தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த தண்டலும் கங்காணியும் சொன்னார்கள். ஆகவே அந்த ஆண்டும் தைப்பூசத்தன்று அவள் பால்குடம் எடுத்தாள். ஈப்போ வெயிலில், கோயிலுக்குப் போகும் சாலையில் அவள் பின்னால் தண்ணீர்ப் புட்டியோடு நடந்தேன். இரண்டாம் வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை காலை, செமோருக்குப் புறப்பட்டோம்.

அவள் பிறந்த தோட்டத்தின் பெரும்பகுதி இப்போது எண்ணெய்ப்பனையும் வீடமைப்புப் பகுதியுமாக இருக்கிறது. சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் மட்டும் ரப்பர் மரங்கள் ஒரு துண்டு நிலத்தில் எஞ்சியிருந்தன. வண்டி வளைவைத் திரும்பியதும் அவள் கருவியின் மூடியைக் கழற்றினாள். நான் வண்டியை நிறுத்தினேன்.

மரங்களில் சிவப்பு இல்லை. இலைகள் அனைத்தும் தரையில் கிடந்தன. அவையும் சிவப்பிழந்து, சருகாகி, காலடியில் அப்பளம்போல் நொறுங்கின. கிளைகளின் நுனியில் பழுப்பு நிறத்தில் புதுத் தளிர்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. உதிர்ந்து முடிந்து இரண்டு மூன்று வாரங்களாவது ஆகியிருக்க வேண்டும்.

அவள் முதல் நிரையிலிருந்து கடைசி நிரை வரைக்கும் நடந்தாள். ஒரு மரத்திலாவது பழைய இலை மிஞ்சியிருக்கிறதா என்று அண்ணாந்து தேடினாள். திரும்பி வந்து மூடியைக் கருவியில் பொருத்தினாள்.

"முடிஞ்சுபோச்சு. அடுத்த வருசம் பாக்கலாம்."

அவள் சொன்னது இலைகளை மட்டும் அன்று. மாலையில் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன், படிவம் இருந்தது, அதன்மேல் அவள் படக்கருவியின் உறையை வைத்து மூடியிருந்தாள். வியாழக்கிழமைக்குப் பதினொரு நாள்கள் இருந்தன. கையெழுத்துப் போடு என்று நான் சொல்லியிருக்கலாம். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில், அவளைப் போடவைக்க முடியாத கையெழுத்துகள் எவை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. அடுத்த ஞாயிறன்று தாப்பாவிலிருக்கும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். இப்போது தாப்பாவில் உணவகம் நடத்துகிறார். என்னை வாத்தியாரே என்பார், மனைவியை அக்கா என்பார். எங்கள் இருவருக்கும் அவர் பாய். மலையேறும் சரக்குந்துக்காரர்களும் சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர்களும் அவர் கடையில்தான் சாப்பிடுவார்கள்.

"பாய், பால்மரம் இன்னும் கொட்டாத எடம் உங்க பக்கம் எங்கயாச்சும் இருக்கா?"

"எதுக்கு வாத்தியாரே, பென்சன் பத்தலயா? மரம் வெட்டப் போறீங்களா?"

முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அக்கா நாள எப்படிப் புடிச்சாங்க?" என்றார்.

"தைப்பூசம் கழிஞ்சு ரெண்டு வாரம். எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதானே."

மறுமுனையில் சிரிப்பு.

"மரத்துக்குத் தைப்பூசம் தெரியுமா வாத்தியாரே? எங்க நோன்பு வருசா வருசம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருது. இந்த வருசம் இன்னிக்கே தொடங்கிட்டோம். அத வச்சி நான் டுரியான் பழுக்கிற நாளச் சொன்னா நீங்க நம்புவீங்களா? உங்க தைப்பூசம் இந்தத் தடவ லேட்டு லா. மரம் அதோட நேரத்துக்குக் கொட்டிருச்சு."

நாள்தோறும் காலையில் பஞ்சாங்கம் பார்த்துவிட்டே செய்தித்தாளைப் பிரிப்பவன் நான். தைப்பூசம் நிறைமதியைப் பின்பற்றுவது. ஓராண்டு சனவரியில் வரும், ஓராண்டு பிப்ரவரி நடுவில் வரும். மரமோ மழை ஓய்ந்த வறட்சியைப் பின்பற்றுவது. இவ்விரண்டும் எனக்குத் தனித்தனியே தெரிந்திருந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க ஓர் உணவகக்காரர் தேவைப்பட்டார்.

மறுநாள் காலை அவரே அழைத்தார். "இங்க பக்கத்துல பீடோர்ல ஒரு ரப்பர் கெபுன் இருக்கு. நாலு ஏக்கரு தோட்டம், சீன மொதலாளி தவுக்கேவோடது. அது வேற சாதி மரம், லேட்டாத்தான் கொட்டுமாம். இப்பத்தான் செவந்து நிக்கிதுன்னு அங்க வெட்டுற அக்கா சொல்றாங்க. தவுக்கேகிட்ட கேட்டாச்சு, பொலே, தாராளமா வாங்கன்னு சொல்லிட்டாரு. நோன்புல காலையில எனக்குக் கடை இல்ல. நாளைக்கு வாங்க, நானும் வாரேன்."

நாளை செவ்வாய். வியாழனுக்கு இரண்டு நாள்கள்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவ மொட்ட மரத்தப் பாக்க நான் வரல," என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இரவு படக்கருவியின் மின்கலத்தை எடுத்து மின்னூட்டியில் வைத்தேன். வாழ்நாளில் முதன்முறையாக அந்த வேலையை நான் செய்தேன். காலையில் எழுந்து வந்தபோது அவள் மின்னூட்டியின் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"பாட்டரி நீங்க போட்டீங்களா?"

"ஆமா."

"தலகீழாப் போட்டிருக்கீங்க. ராத்திரி பூரா ஒண்ணும் ஏறல." அதைத் திருப்பிப் பொருத்திவிட்டு, "ஒரு மணி நேரமாவது ஏறட்டும். அதுக்குள்ள குளிச்சிட்டு வாங்க," என்றாள்.

தாப்பாவில் பாய் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். பின்னிருக்கையில் அமர்ந்து, மாதுளை நிறச் சட்டை போட்டு வந்ததற்குக் காரணம் சொன்னார்: படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். பீடோரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலையில் திரும்பி, கொய்யாத் தோட்டங்களைக் கடந்து, எண்ணெய்ப்பனைக்கு நடுவே செம்மண் தடத்தில் போனோம். பனைகளின் நிழல் முடிந்த இடத்தில் திடீரென்று வெளிச்சத்தின் நிறமே மாறியது.

நான்கு ஏக்கரும் எரிவதுபோல் நின்றது. மேலே செம்பும் குருதிச்சிவப்பும், இடையிடையே எலுமிச்சை மஞ்சள். கீழே தரை தெரியவில்லை. காற்று வீசும்போதெல்லாம் தொலைவில் ஒரு சலசலப்பு எழுந்து, நிரை நிரையாக எங்களை நோக்கி வந்து, தலைமேல் கடந்து போனது. போன பிறகு இலைகள் மூன்று மூன்றாக, ஒரே காம்பில் சேர்ந்தபடி, சுழன்று இறங்கின.

அவள் வண்டியின் கதவைத் திறந்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக இறங்கினாள்.

முதல் அரைமணி நேரம் அவளோடு பேச முடியவில்லை. மண்டியிட்டாள், படுத்தாள், ஒரு மரத்தின் அடியிலிருந்து நேர்மேலே நோக்கினாள். இடது உள்ளங்கையில் வில்லையைத் தாங்கி, வலக்கையால் அழுத்தி, மூச்சை நிறுத்தி எடுத்தாள். கையுறையை ஊதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அதே முகம். பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, மரம் எங்கயும் போகாது. என்னய ஒண்ணு எடுங்க. கொரியா நாடகத்துல வர்ற ஹீரோ மாதிரி."

"ஹீரோவுக்கு இவ்வளவு வயிறு இருக்காது பாய்."

"நோன்பு முடியட்டும், கொறஞ்சிரும்."

"முடிஞ்சாத்தான் ஏறும்," என்றாள். ஆனாலும் எடுத்தாள். அவர் இலைகளை இரு கைகளாலும் அள்ளி மேலே வீசினார். பாதி அவர் சட்டைக்குள் போயின.

சத்தம் கேட்டு, அந்தத் தோப்பில் பால்வெட்டும் பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை காலணி, இடுப்பில் ஒரு பை. மங்குகளின் அடியில் உறைந்திருந்த ஒட்டுப்பாலைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எலை பாக்கவா ஈப்போலேர்ந்து வந்தீங்க?"

"கொரியாவுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போயிப் பாக்குறாங்க அக்கா," என்றார் பாய்.

"அப்பன்னா நான் தெனம் கொரியாவுலதான் இருக்கேன்," என்றார் அவர். "எப்படியும் இப்ப வெட்டு இல்ல. எலை கொட்டி, துளிர் முத்துற வரைக்கும் மரத்தத் தொட மாட்டேன். தவுக்கே வெட்டச் சொல்லி மொனகுவாரு. அந்த நேரத்துல வெட்டுனா மரம் எந்தத் தெம்புல துளிர்க்கும்? நீங்களே சொல்லுங்க."

என் மனைவி கருவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு மரத்தின் அருகே போனாள். இடுப்புயரத்தில் சாய்வாக இறங்கிய வெட்டுக்கோட்டைப் பார்த்தாள். அதற்கு மேலே, முன்பு வெட்டி முடித்த பகுதியில் புதுப்பட்டை வளர்ந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாகத் தடவினாள். மறுபக்கம் போய் அங்கும் தடவினாள். அடுத்த மரத்துக்குப் போனாள். ஐந்தாறு மரங்கள் ஆயின. அந்தப் பெண்மணி அவளைத் தடுக்காமல், சற்றே பெருமிதத்தோடு, பின்னாலேயே வந்தார்.

"ஒரு காயம் இல்லையே, தங்கச்சி," என்றாள் என் மனைவி.

"நான் வந்து பதினெட்டு வருசம் ஆச்சு அக்கா. எனக்கு முன்னுக்கு ஒரு ஆளு வெட்டுனான், அந்தக் கோடி மரம் அவன் வெட்டுனது, போயிப் பாருங்க. அடி வாங்குன மொகம் மாதிரி வீங்கியிருக்கும். நான் கட்டையத் தொட மாட்டேன். பட்ட ஒரு நூல் கனம் உள்ளுக்கு நிக்கணும். ஒரு பக்கம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் பழையபடி வந்துரும்."

"ஒருநாள் விட்டு ஒருநாளா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

என் மனைவி தன் இடது சட்டைக்கையை மடித்து விட்டாள். அறியாத ஒருவரிடம் அவள் அந்தக் கையைக் காட்டியது அதுவே முதன்முறை. "இதுல வெட்டப் போறாங்க. கிட்னிக்கு. பொறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி."

அந்தப் பெண்மணி முன்கையைத் தம் கையில் வாங்கி, ஒட்டுப்பால் மணக்கும் கட்டைவிரலால் உள்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பவர் போல்தான் பார்த்தார்.

"தோலு நல்லாத்தான் இருக்கு," என்றார். "யாரு வெட்டுறா?"

"தெரியாது."

"அதக் கேளுங்க. அவங்க முன்ன வெட்டுன கை ஒண்ணக் காட்டச் சொல்லுங்க. என்னய வேலைக்கு எடுக்கும்போது தவுக்கே நான் வெட்டுன மரத்தத்தான் போயிப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாக்கல."

பாய் மரத்தடியில் சட்டைக்குள்ளிருந்து இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் படக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படி இயக்குவதென்று தெரியாமல் நின்றேன். அந்த இருவரையும், நடுவே அந்தக் கையையும், ஒரு படமாவது எடுத்திருக்கலாம்.

வீடு திரும்பிய மாலையில் அவள் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்துப் புலனக் குழுவில் அனுப்பினாள். எழுவரும் உடனே கேட்டார்கள்: எந்த நாடு? எப்போது போனாய்? மருத்துவர் விட்டாரா? அவள் ஒருவருக்கும் விடை எழுதவில்லை. "ரெண்டு நாளு மண்டையப் போட்டு ஒடச்சிக்கட்டும்," என்றாள்.

வியாழனன்று படிவத்தை அவளே இழுப்பறையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள். கையெழுத்து இன்னும் இல்லை. மருத்துவர் எதிரே அமர்ந்து, மலாயில், தெளிவாகக் கேட்டாள்: அறுவை செய்யப்போவது யார், அவர் முன்பு செய்த கை ஒன்றை நான் பார்க்க முடியுமா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போய், செவிலியரிடம் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் செவிலியர், வெளியே வரிசையில் காத்திருந்த ஒருவரை, அவருடைய இசைவோடு அழைத்து வந்தார். சரக்குந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். நான்கு ஆண்டுகளாக அந்தக் கையில் ஊசி ஏற்றிக்கொள்கிறாராம்.

"பாத்துக்குங்க அக்கா," என்று சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். "கூச்சப்படாம கை வச்சிப் பாருங்க. இது என் கை இல்ல, இவங்க விளம்பரப் பலகை."

மணிக்கட்டுக்கு மேலே விரல் நீளத்தில் வெள்ளைக்கோடு ஒன்று இருந்தது. அதற்கு மேல் குழாய் சற்றுப் புடைத்து, சீராக ஓடியது. முடிச்சு இல்லை. அவள் உள்ளங்கையை வைத்தாள். மரத்தில் வைத்தது போலவே மேலிருந்து கீழாகத் தடவினாள். பிறகு கையை எடுக்காமல் நிறுத்தினாள்.

"என்னமோ உள்ளுக்கு ஓடுதே?"

"ஓடணும். ஓடுனாத்தான் நல்லது. பூனை மடியில படுத்துக்கிட்டு மொனகுமே, அந்த மாதிரி. ராத்திரி தூக்கம் வரலன்னா காதுல வச்சிக் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

"சந்தையில ஒரு அக்காவுக்கு வீங்கியிருக்கு."

"ஒரே எடத்துல குத்திக்கிட்டே இருந்தா வீங்கும். எடத்த மாத்தி மாத்திக் குத்தச் சொல்லணும். நீங்க வாயத் தொறந்து சொல்லணும். சும்மா இருந்தா அவங்க லேசான எடத்துலயே குத்துவாங்க."

"மரம் மாதிரி கைக்கும் பக்கம் மாத்தணும்," என்றாள் என்னைப் பார்த்து.

நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை விரித்தாள். நான் முன்பே இருமுறை படித்திருந்த அதை, ஒரு வரி விடாமல் மறுபடியும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டாள். தமிழில்; முதலெழுத்தோடு; தொழிற்சாலையில் சம்பளச் சீட்டில் போடும் அதே கையெழுத்து. பிறகு, இந்தக் கையால் படக்கருவியை எப்போது பிடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டாள். புண் ஆறியதும் பிடிக்கலாம், ஆனால் கருவியின் பட்டையை அந்த மணிக்கட்டில் சுற்றக் கூடாது என்றார் அவர். அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்து, எழுவருக்கும் ஒரே சொல்லில் விடை அனுப்பினாள்: பீடோர்.

அறுவை நடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. கோடு மெல்லியதாக இருக்கிறது. தினமும் காலையில் அவள் தன் கையைக் காதில் வைத்துக் கேட்கிறாள். பிறகு என்னையும் கேட்கச் சொல்கிறாள். குழாய் தடிப்பதற்காக, சிறிய ரப்பர்ப் பந்து ஒன்றை இடது கையில் வைத்து, காலையும் மாலையும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் கொடுத்த பந்தில் துளை இருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேற்று, கூடத்தில் நாள்காட்டியின் எதிரே நின்று பந்தை அழுத்திக்கொண்டே, அடுத்த ஆண்டுத் தாளில் என்னை எழுதச் சொன்னாள். சனவரிக் கடைசி வாரம், செமோர். மார்ச் முதல் வாரம், பீடோர். இயந்திர நாள்களுக்கு இடைப்பட்ட நாளாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"தைப்பூசம் எப்பன்னு பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். மழை எப்ப நிக்கிதுன்னு பாருங்க," என்றாள். பந்தை இன்னொரு முறை அழுத்தினாள்.